நட்டுவின் கையில் டெல்லி பந்தைக் கொடுக்குமா?

மூன்று ஓவர், 49 ரன், விக்கெட் இல்லை. 10 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்த இடது கைப் பந்துவீச்சாளர் 'நட்டு' நடராஜனிடம் டெல்லி கேப்பிடல்ஸ் 2025 ஐபிஎல் சீசன் முழுவதும் வாங்கிய வேலை இவ்வளவுதான். மொத்தம் 18 பந்து. ஆனாலும் 2026-க்கு அவரை விடுவிக்காமல் தக்கவைத்திருக்கிறார்கள். ஏன் வைத்துக்கொண்டார்கள், இந்த முறையாவது ஆட விடுவார்களா என்பதுதான் மலைக்கிராமமான செம்மநத்தத்தில் மிளகு பறிக்கிறவர்களும் டீக்கடையில் நிற்பவர்களும் பேசித் தீராத வழக்கு.

சேலத்து மலையில் இந்தப் பேச்சு சூடாக இருப்பதில் வியப்பில்லை. நடராஜனின் சின்னப்பம்பட்டி இதே சேலம் மாவட்டத்தின் சமவெளி ஊர். தறி ஓட்டிய அப்பா, சாலையோரம் கடை போட்ட அம்மா, டென்னிஸ் பால் ஆட்டம் என்று அவர் வளர்ந்த கதை மலைக்கிராமத்துப் பையன்களுக்கும் மனப்பாடம். கொஞ்சம் சமமான இடம் கிடைத்தாலே ஸ்டம்ப் நடும் இந்த ஊர்களில் இடது கைப் பையன் ஒருவன் பந்தைக் கையில் எடுத்தால், அவன் முதலில் போட்டுப் பார்ப்பது யார்க்கர்தான்.

வழக்கில் இரண்டு கட்சி. "காசு வந்துடுச்சு, கால் ஒத்துழைக்கலைங்க" என்பது ஒன்று. "பந்தக் கொடுத்தாத்தானங்க போடுவாரு" என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. ஊர்ப்பாசத்தால் அப்படிச் சொல்லவில்லை. முதல் கட்சியின் வாதத்திலும் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இது அவருக்குப் புது நிலைமை இல்லை. 2017-ல் கிங்ஸ் லெவன் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. 6 ஆட்டம், 2 விக்கெட். விலையைச் சொல்லிச் சொல்லியே அவரை விமர்சித்தார்கள். அடுத்த ஆண்டு சன்ரைசர்ஸ் 40 லட்சத்துக்கு எடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தது. 2018, 2019 இரண்டு சீசனிலும் ஓர் ஆட்டம்கூட இல்லை. பிறகு 2020-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் 16 ஆட்டம், 16 விக்கெட். அபுதாபியில் நடந்த எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கரை யாரும் மறந்திருக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள், டி20 அறிமுகம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். இரண்டு வருடப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் செய்த வேலை இது.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று அவருக்கு 29 வயது, இன்று 34. நடுவில் 2021-ல் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு தோள்பட்டை தொந்தரவு கொடுத்தது. முதல் கட்சியின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. மற்ற பந்துகளைப் போல அல்ல யார்க்கர். அதில் தவறுக்கு இடமே கிடையாது. ஓடிவரும் வேகம், முன்காலை ஊன்றும் இடம், பந்து கையை விடும் புள்ளி மூன்றும் சேர வேண்டும். விடுவது கொஞ்சம் முந்தினால் ஃபுல் டாஸ், பிந்தினால் பேட்டுக்கு வாகான ஹாஃப் வாலி. இரண்டுமே சிக்ஸருக்குப் போகும் பந்துகள். ஊன்றும் முழங்காலில் நம்பிக்கை இல்லாதவரால் இதைப் போட முடியாது. வலைப்பயிற்சியில் ஆயிரம் பந்து போட்டாலும் ஆட்டத்தில் வரும் அந்த ஒத்திசைவு தனி.

சரி, 2025-ன் அந்த மூன்று ஓவரைப் பாருங்கள். எதிரே குஜராத் டைட்டன்ஸ். தொடக்க ஜோடி சாய் சுதர்சன், ஷுப்மன் கில். சுதர்சன் அந்த சீசனில் 759 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கியவர், கில் 650 எடுத்தவர். அன்று 200 ரன் இலக்கை ஒரு விக்கெட்டும் விழாமல் துரத்தி முடித்தார்கள். டெல்லியின் எந்தப் பந்துவீச்சாளருக்கும் விக்கெட் இல்லை. வாரக்கணக்கில் உட்கார வைத்த ஒருவரை அப்படிப்பட்ட ஒரு நாளில் இறக்கிவிட்டு, அந்த 18 பந்தை வைத்து அவர் முடிந்துபோனார் என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

அதற்கு முந்தைய ஆண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024-ல் சன்ரைசர்ஸ் இறுதிப்போட்டி வரை போனது. நடராஜன் 14 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்தார். அதில் ஓர் ஆட்டம் டெல்லியிலேயே, டெல்லிக்கு எதிராக. இரண்டு அணியும் சேர்ந்து 465 ரன் குவித்த அந்த இரவில் அவருடைய நான்கு ஓவரில் போனது வெறும் 19. எடுத்தது 4 விக்கெட். எல்லைக்கோடு நெருக்கமான அந்த மைதானத்தில் இப்படி வீசியதைப் பார்த்துத்தான் ஏழு மாதம் கழித்து ஜெட்டா ஏலத்தில் டெல்லி கையை இறக்காமல் வைத்திருந்தது என்பது என் ஊகம்.

அப்படியானால் ஏன் ஆட விடவில்லை? தொடக்கத்தில் காயம். உடல் தேறிய பிறகு இடம் இல்லை. அதே ஏலத்தில் டெல்லி மிட்செல் ஸ்டார்க்கையும் 11.75 கோடிக்கு எடுத்திருந்தது. அவரும் இடது கை, அவரும் கடைசி ஓவரில் யார்க்கர். ராஜஸ்தானுக்கு எதிரான சூப்பர் ஓவர் வரை போன ஆட்டத்தை ஸ்டார்க் தனியாகத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்த எந்தக் கேப்டனும் அவரிடமிருந்து பந்தைப் பிடுங்க மாட்டார். ஒரே வேலைக்கு இரண்டு ஆளைப் பெரும் விலைக்கு வாங்கியது அணியின் திட்டக் கோளாறு. அதற்கான பழி நடராஜன் தலையில் விழுந்தது.

வயதான வீரர் புது அணிக்குப் போகும்போது எப்போதும் உடம்பும் பொறுப்பும்தான் விஷயம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி இதே சண்டை அங்கே நடக்கும். டாம் பிரேடி 20 ஆண்டு நியூ இங்கிலாந்தில் ஆடிவிட்டு டாம்பா பேக்குப் போனார். முதல் சீசனிலேயே, 43 வயதில், சூப்பர் பவுல் வென்றார். ஆரன் ராட்ஜர்ஸ் 2023-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய், முதல் ஆட்டத்தின் நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநாண் அறுந்து சீசனை இழந்தார். நம் பக்கத்தில் தினேஷ் கார்த்திக்கைச் சொல்லலாம். 36 வயதில், 2022-ல் பெங்களூரு அவரை எடுத்து, "கடைசி ஓவர்களை முடித்துக் கொடுப்பது உன் வேலை" என்று ஒரே பொறுப்பைக் கொடுத்தது. 183 ஸ்ட்ரைக் ரேட்டில் 330 ரன் அடித்து இந்திய அணிக்கே திரும்பினார். அதே போல மூத்தவரான அஸ்வின் 2025-ல் சென்னைக்குத் திரும்பியபோது அப்படி உறுதியான இடம் அமையவில்லை. 9 ஆட்டம், 7 விக்கெட், அந்த ஆகஸ்டில் ஐபிஎல்லுக்கே விடை கொடுத்துவிட்டார். உடம்பு தாங்க வேண்டும். வேலையும் தெளிவாக இருக்க வேண்டும்.

இப்போது 2026 டெல்லிக்கு வருவோம். அபுதாபி ஏலத்தில் அவர்கள் ஜம்மு காஷ்மீரின் ஆக்கிப் நபியை 8.40 கோடிக்கு எடுத்தார்கள். லுங்கி இங்கிடி, கைல் ஜேமிசன் வந்திருக்கிறார்கள். சமீரா ஏற்கெனவே உண்டு. பெயர்களை அடுக்கினால் நட்டுவுக்கு இடமே இல்லை போலத் தோன்றும். ஆனால் வெளிநாட்டு வீரர்கள் நான்கு பேர்தான் ஆட முடியும். ஸ்டப்ஸ், மில்லர், நிசங்கா அல்லது டக்கெட், பிறகு ஸ்டார்க் என்று வைத்தாலே நிரம்பிவிடுகிறது. ஆக உண்மையான போட்டி முகேஷ் குமார், நபி, நடராஜன் என்ற மூன்று இந்தியர்களுக்குள்தான். நபி புதுப்பந்தை ஸ்விங் செய்கிறவர். கடைசி ஓவர்களுக்கு முகேஷா நட்டுவா என்பதுதான் மிச்சம். ஸ்டார்க்குக்கு ஓய்வோ காயமோ என்றால் இந்தக் கேள்வியே எழாது, அந்த இடது கை யார்க்கர் வேலை நட்டுவுக்குத்தான்.

விதிகளும் அவர் பக்கம் சாய்ந்திருக்கின்றன. பந்தில் எச்சில் தேய்க்க இருந்த தடை 2025-ல் நீங்கியது. இரவு ஆட்டங்களின் இரண்டாவது இன்னிங்ஸில், பனித் தொல்லையைச் சமாளிக்க, 10 ஓவருக்குப் பிறகு பந்தை மாற்றிக் கேட்கலாம். ஈரப்பந்தால் யார்க்கர் நழுவுகிற கவலை இதனால் குறையும். பேட்டிங் தெரியாத பதினோராவது ஆள் என்ற குறையை இம்பாக்ட் பிளேயர் விதி மறைத்துவிடும். டெல்லி முதலில் பேட் செய்யும் நாட்களில் அவரைப் பந்துவீச மட்டும் இறக்கலாம். தலைமைப் பயிற்சியாளர் ஹேமங் பதானி தமிழ்நாட்டுக்கு ஆடியவர். இந்த இடது கைக்காரரின் பலம் எது, பலவீனம் எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் நான்கு ஆட்டங்களில் நான் பார்க்கப்போவது அவர் எடுக்கும் விக்கெட்டை அல்ல. 17-வது, 19-வது ஓவர் யார் கைக்குப் போகிறது என்பதை. அவை நடராஜனிடம் போய், ஒரு நாள் 15 ரன் கொடுத்தாலும் அடுத்த ஆட்டத்தில் மறுபடி அவரிடமே வந்தால், ஒத்திசைவு தானாகத் திரும்பும். அப்படிப் பத்து ஆட்டம் கிடைத்தால் 13, 14 விக்கெட்டுக்குக் குறையாது என்பது என் கணக்கு. பவர்பிளேயில் ஓர் ஓவர், நடுவில் ஓர் ஓவர் என்று பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்களானால், முழங்கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 2025-தான் திரும்ப வரும்.