தனிமரமும் தோப்பும்

தொழிற்சாலைகள் ஓரிடத்திற் குவிந்தால் அப்பிரதேசம் செழிக்கும் என்ற கருத்து இன்று அரசியல்வாதிகளாலும் அறிஞர்களாலும் ஒருங்கே ஓதப்படுகிறது. கருத்துப் புதிதன்று. 1890இல் ஆங்கிலப் பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் இதனை விளக்கினார். ஒரு தொழில் ஓரூரில் வேரூன்றினால் பயின்ற தொழிலாளர் அங்கே திரள்வர். கருவி செய்வோரும் உதிரிப்பாகம் வழங்குவோரும் அயலில் அமைவர். தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். இதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் எது குவிவு, அதன் பயன் யாருக்கு என்ற இரு வினாக்களுக்கு விடை வேண்டும்.

எமது வடபுலத்தையே நோக்குவோம். 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கியது. சுண்ணக்கல் அயலிலே அகழப்பட்டது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. பல குடும்பங்களில் இவற்றால் அடுப்பெரிந்தது. 1990இல் சீமெந்து ஆலை போரினால் மூடப்பட்டது. பரந்தன் ஆலையும் போருக்கு இரையாயிற்று. ஆனால், குறை போருக்கு முன்னரே இருந்தது. சீமெந்தைச் சார்ந்த தொழில்களின் நிரையொன்று அங்கே எழவில்லை. காங்கேசன்துறைச் சூளையில் வெந்த கிளிங்கர்க் கட்டிகள் காலிக்குச் சென்று அரைபட்டன. தனிமரம் தோப்பாகவில்லை.

தோப்பு வேறிடத்தில் வளர்ந்தது. துறைமுகமும் விமான நிலையமும் வங்கிகளும் நிறைந்த மேற்குக் கரையிலே, 1978இல் கட்டுநாயக்கா வர்த்தக வலயம் எழுந்தது. செல்வம் செல்வத்தை ஈர்க்கும், ஈர்க்குமிடத்தில் பெருகிப் பிறவிடத்தை வறளச் செய்யும் என்று 1957இல் குன்னார் மிர்டால் எச்சரித்தார். இன்று மேல் மாகாணம் நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரு பங்கை ஈட்டுகிறது. எமது வட்டுக்கோட்டை வகுப்பறைகளிலிருந்து வெளியேறும் மாணவர் கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்வது ஊர்ப்பற்றின்மையால் அன்று.

அவ்வாறாயின் தோப்பு ஒன்றே போதுமா? திருப்பூரைப் பாருங்கள். பின்னல், சாயமிடல், தையல் யாவும் அடுத்தடுத்த தெருக்களில் நடைபெறும் மெய்யான குவிவு அது. ஆயினும், சாயக்கழிவு நொய்யலாற்றை நஞ்சாக்கியது. கீழ்ப்புற உழவரின் நிலம் கெட்டது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. வளர்ச்சியின் கணக்கேட்டில் அவ்வுழவருக்கு எந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டது?

ஆறற்ற யாழ்ப்பாணத்துக்கு இவ்வினா இன்னும் கூரியது. சீமெந்துக்குரிய சுண்ணக்கல்லே எமது கிணறுகளுக்கு நீரைத் தேக்கி வைப்பதும் ஆகும். 2014இல் அச்சுவேலிக் கைத்தொழிற் பேட்டை மீளத் திறக்கப்பட்டது. இத்தகைய பேட்டைகளை ஏக்கரால் அளத்தல் தகாது. அங்குள்ள ஆலைகள் ஒன்றிடமொன்று வாங்குகின்றனவா? பனந்தும்பும் மீனும் பழமும் ஊரிலேயே பண்டமாகின்றனவா? பனையேறும் தொழிலாளி மூலப்பொருள் தருபவனாகவே நிற்கிறானா, கூட்டுறவின் வழியே இலாபத்திலும் பங்காளியா? கழிவுநீர் எங்கே செல்கிறது?

இவ்வினாக்களுக்கு விடை கூறாத திட்டம் எத்தனை புகைபோக்கிகளை நிறுத்தினும், அது பிரதேசத்தின் வளர்ச்சி அன்று. பிரதேசத்தில் நிகழும் பிறர் வளர்ச்சியே.