பெட்டிக்குள் மடித்த தாள்

முடியை வெளுக்கும் பெட்டி ஒன்றை வாங்கினால் உள்ளே நான்கு பொருட்கள் இருக்கும். ஒரு பொட்டலம் பொடி, ஒரு புட்டி கிரீம், மெல்லிய கையுறை ஒரு ஜோடி, எட்டாக மடித்த ஒரு தாள். முதல் மூன்றைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாளைப் படித்தவர்களைத்தான் நான் பார்த்ததில்லை. மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவள் என்பதால் அச்சான எதையும் படிக்காமல் தூக்கிப்போட என்னால் முடியாது. கதையைப் படிப்பதுபோலவே இதையும் படித்தேன். யார் பேசுகிறார்கள், யாரிடம், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று.

தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழில் இல்லை. அது முதல் விடுபடல், ஆனால் பெரிய விடுபடல் அல்ல.

எந்தப் பிரதியும் தனக்கென்று ஒரு வாசகியைக் கற்பனை செய்துகொள்ளும். இந்தத் தாளின் வாசகிக்குப் பழுப்பு முடி. தோள்வரைதான் நீளம். அதில் அவள் இதுவரை எதையும் பூசியதில்லை. கலக்கவும், வேரிலிருந்து நுனிவரை சீராகத் தடவவும், 45 நிமிடம் வரை விடவும், அலசவும் என்று நான்கே ஏவல்களில் அவள் பொன்னிறமாகிவிடுகிறாள். அட்டையில் சிரிப்பவளும் அவளேதான்.

நான் அவள் இல்லை. 32 வயதில் முதல் நரை வந்தது. இப்போது 43. இடையில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் கறுப்புச் சாயம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். என் முடி 45 சென்டிமீட்டர். அப்படியென்றால் என் முடியின் நுனி கிட்டத்தட்ட நான்கு வருடப் பழசு. அதன்மேல் முப்பது தடவைக்கு மேல் சாயம் ஏறியிருக்கிறது. சாயத்தின் சிறு மூலக்கூறுகள் முடிக்குள் நுழைந்து, ஒன்றோடொன்று பிணைந்து, வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிதாகின்றன. அதனால்தான் அது நிலைக்கிறது, அதனால்தான் கழற்றவும் வராது. வேர்ப்பகுதியோ புது முடி. மண்டையின் சூட்டில் சீக்கிரம் வெளுத்துவிடும். ‘சீராக’த் தடவினால் எனக்குக் கிடைப்பது மஞ்சள் வேரும் கறுப்பு நுனியும்தான். தாளின் மையமான வினைச்சொல்லே எனக்குத் தவறான வழிகாட்டல். ஆனால் கடைசிப் பத்தி முன்கூட்டியே கை கழுவிவிடுகிறது: விளைவு சீராக இல்லாவிட்டால் அது பயன்படுத்தும் முறையைப் பொறுத்ததாம். எரிச்சல் ‘ஏற்படலாம்’ என்கிறது. யார் ஏற்படுத்துவது? எழுவாய் இல்லாத வாக்கியங்களை எங்கே பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். அரசு அறிக்கைகளில் கற்றுக்கொண்ட சந்தேகம் அது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருமுனைப் பார்லர் அக்காவிடம் போனேன். இருபது வருடமாகக் கை ஓயாமல் வேலை செய்கிறவர். தாளை அவர் பிரிக்கக்கூட இல்லை.

“இதுக்கு முன்ன தலையில என்னல்லாம் போட்டீங்க?”

“டை மட்டும்தான்க்கா.”

“மருதாணி?”

“எப்பவாவது.”

“அரைச்ச மருதாணியா, பாக்கெட்டா? பொய் சொல்லாதீங்கம்மா, நான் டீச்சர் இல்ல.”

மூன்றாவது முறை கேட்டபோதுதான் பாக்கெட் என்று ஒப்புக்கொண்டேன். இந்தக் கேள்வி தாளில் இல்லை. பாக்கெட்டில் வரும் ‘மூலிகை’ப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றோடு சேர்ந்தால் சூடேறி முடி பொசுங்கும். அவுரி கலந்த பொடி என்றால் வெளுக்கும்போது பச்சை தட்டலாம். பின்கழுத்தில் நாலு முடியை நறுக்கி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலவைக்குள் போட்டு, கிண்ணம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சுடவில்லை. சுட்டிருந்தால் வெளுப்பதே கூடாது, முடி வளர்ந்து வெட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்றார்.

“இன்னிக்கு வெள்ளையெல்லாம் ஆகாது. ஆரஞ்சு வரைக்கும்தான் போகும். அப்புறம் ஒரு மாசம் என் கண்ணுலயே படாதீங்க.”

நான்கு மாதம், நான்கு அமர்வு. பாதுகாப்பு என்பது இந்த விஷயத்தில் பெரும்பாலும் காலம்தான். அவசரப்படுகிறவர்கள் 12 சதவீதப் பெராக்சைடை எடுப்பார்கள். புட்டியில் 40 வால்யூம் என்று போட்டிருக்கும். அக்கா 6 சதவீதத்தை, அதாவது 20 வால்யூமைத் தாண்டவே இல்லை. முதலில் நடுமுடியும் நுனியும், வேரை ஒட்டி இரண்டு விரல்கடை விட்டுவிட்டு, வேர் கடைசியில். ஹேர் டிரையர் சூடு கிடையாது. முந்தின நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது, சொறியக் கூடாது. மண்டையில் சிறு புண் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். சுரீர் என்று எரிந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரமுடி ஒன்றை இழுத்துப் பார்ப்பார். இழுத்து விட்டதும் சுருங்கினால் உயிர் இருக்கிறது. சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனால் அந்த முடிக்கு இனி பிளீச் இல்லை.

கறுப்பு நேராக வெள்ளையாவதில்லை. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாக இறங்கும். வாழைப்பழத் தோலின் உட்புறம் இருக்கிறதே, அந்த வெளிர்மஞ்சளோடு பிளீச்சை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் போனால் நிறம் போகாது, முடிதான் போகும். மிச்ச மஞ்சளை ஊதா டோனர் மறைக்கும். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே கணக்கு. இடைப்பட்ட நாட்களில் தலைக்குக் குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். அது அலசும்போது முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மும்பை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இனி வீட்டுக்கு வருகிறேன். பதினோரு வருடம் கறுப்புச் சாயம் பூசினேன், ஒரு நாயும் கேட்கவில்லை. சொல்லப்போனால், பூசாத மாதங்களில்தான் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்கள். கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா பினைலீன் டையமின் என்கிற பி.பி.டி. இருக்கிறது. கண் இமை வீங்கி, நெற்றியில் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்கு ஒவ்வாமை தரக்கூடியது. 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லிப் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். நம் அம்மாக்களில் எத்தனை பேர் பார்த்தார்கள்? யார் பார்க்கச் சொன்னார்கள்? அப்போதெல்லாம் ரசாயனம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. முடி வெளுத்த அன்று என் வீட்டில் எல்லோரும் மருத்துவர் ஆனார்கள். “கெமிக்கல்மா, கேன்சர் வரும்.” கறுப்புக்கு இந்த அக்கறை கிடையாது, ஏனென்றால் கறுப்பு அடக்கம். வெளுப்பு திமிர்.

அக்கறையின் வேடத்தில் வரும் இந்தத் தண்டனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1931இல் ஃபிராங்க் காப்ராவின் ‘பிளாட்டினம் பிளாண்ட்’ படத்தில் ஜீன் ஹார்லோ நடித்தார். அவருடைய முடி நிறத்தை அப்படியே கொண்டுவரும் சிகையலங்காரருக்கு 10,000 டாலர் பரிசு என்று ஹோவர்ட் ஹியூஸின் ஆட்கள் விளம்பரம் செய்தார்கள். 1937இல், 26 வயதில், சிறுநீரகம் செயலிழந்து அவர் இறந்தார். பிளீச்தான் கொன்றது என்ற வதந்தி இன்றும் உலவுகிறது. அந்த நிறத்தை விற்றுச் சம்பாதித்தவர்கள் கதையில் இல்லை. தலையில் பூசியவள் மட்டும் செத்துப் பாடம் சொல்கிறாள்.

என் தோழிகளின் கேள்வி வேறு. “வெள்ளைக்காரியாக ஆசையா?” இதை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயர் மாறியதால் ஆசை மாறிவிடவில்லை. ஆனால் முகப்பூச்சு கல்யாணச் சந்தையில் பெண்ணின் விலையை ஏற்றுவதாகச் சொல்லி விற்கப்பட்டது. 43 வயதுத் தமிழச்சியின் வெளிர்முடி எந்தச் சந்தையிலும் விலையை ஏற்றாது, இறக்கவே செய்யும். அதனால் இரண்டும் ஒன்றல்ல. அதேசமயம், அந்த நிறம் ஏன் என் கண்ணில் அழகாகப் பட்டது என்பதற்கு முழுக்க நான் மட்டுமே காரணம் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன். நரையை விரட்டி விரட்டிக் களைத்து, அது போகிற திசையிலேயே அதைவிட வேகமாக ஓடிப் பார்க்கத் தோன்றியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தோழிகளிடம் எனக்குள்ள புகார் ஒன்றுதான். ‘ஏன்’ என்று கேட்ட அத்தனை பேரில் ஒருத்தியும் ‘எத்தனை சதவீதம்’ என்று கேட்கவில்லை.

‘திருவிளையாடல்’ படத்தில் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று நக்கீரரும் சிவனும் சபையில் மோதுவார்கள். 1965லிருந்து நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம். நக்கீரரின் துணிச்சலைப் பற்றிப் பள்ளியில் நானும் கட்டுரை எழுதியிருக்கிறேன். கூந்தல் உள்ள ஒருத்தியை அழைத்துக் கேட்கலாமே என்று அந்தச் சபையில் யாருக்கும் தோன்றுவதில்லை. வெளுப்புப் பெட்டியின் தாளும் அந்தச் சபையில் எழுதப்பட்டதுதான்.

நான்காவது அமர்வில் நுனி சூயிங்கமாக நீண்டது. அக்கா எதுவும் கேட்காமல் நாலு அங்குலம் வெட்டினார். மிச்சம் வாழைத்தோல் மஞ்சளுக்கு வந்து, டோனருக்குப் பிறகு சாம்பல் கலந்த வெள்ளையில் நின்றது. எனக்குப் பிடித்திருந்தது.

காசு கொடுக்கும்போது, இத்தனை நாள் சொன்னதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். சுவரில் ஒட்டினால், வருகிறவர்கள் பொய் சொல்வது குறையுமாம். அந்த ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். என்ன பூசியிருக்கிறீர்கள் என்பதில் தொடங்கி, கிண்ணச் சோதனை, சதவீதம், வேர் கடைசியில், எரிந்தால் அலசு என எல்லாவற்றையும் எழுவாயோடு, பெரிய எழுத்தில். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். நடுவில் இருமல் வந்து நிறுத்தினார். நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த இருமல்தான். வெளுக்கும் பொடியில் உள்ள பெர்சல்பேட் பார்லர்காரர்களுக்கு ஆஸ்துமாவையும் கைகளில் தோல் அழற்சியையும் தரும் என்று நான் படித்துமிருந்தேன்.

“நல்லாருக்கும்மா. ஆனா ஜன்னலைத் திறந்து வெச்சுப் பொடியக் கலக்கணும்னு போடலையே. ஏசி வேணும்னு கேக்குறவங்க படிக்கட்டும்.”

பேனாவை வாங்கி, கீழே இடமில்லாததால், தலைப்புக்கு மேலே எழுதினேன்.