விஞ்ஞானப் புனைகதை வாசகர் குழுக்களும் அவற்றின் வரலாறெழுதியலும்

இலக்கிய வரலாறு பெரும்பாலும் ஆசிரியரையும் ஆக்கத்தையும் மையமாகக் கொண்டே எழுதப்படுகின்றது. வாசகர் அதில் விற்பனைத் தொகையாகவோ பெயரற்ற திரளாகவோ மாத்திரமே இடம்பெறுவர். அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைத் துறை இப்பொதுப் போக்குக்கு விலக்கானது. அங்கு வாசகர் தம்மைக் குழுக்களாக அமைத்துக்கொண்டதோடு, தமது வரலாற்றைத் தாமே எழுதியும் வைத்துள்ளனர். அவ்வரலாறுகள் எதனை விளக்குகின்றன, எதனை விளக்காது விடுகின்றன என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

1926 இல் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' சஞ்சிகை வாசகர் கடிதங்களை முகவரிகளோடு வெளியிட்டது. இதனால் வாசகர் ஒருவரோடொருவர் நேரடியாகத் தொடர்புகொண்டனர். கழகங்களும் சிற்றேடுகளும் தோன்றின. 1934 இல் கேர்ன்ஸ்பாக் தமது 'வொண்டர் ஸ்டோரீஸ்' சஞ்சிகையின் சார்பில் 'சயன்ஸ் பிக்ஷன் லீக்' என்னும் அமைப்பை நிறுவினார். ஆயின் சந்தை திரட்டிய கூட்டம் சந்தையின் எல்லைக்குள் அடங்கியிருக்கவில்லை. டொனல்ட் வொல்ஹைம் தம் கதைக்குரிய ஊதியத்தைக் கேட்டுப் போராடினார். 1935 இல் அவரும் ஜோன் மிச்சேல், வில்லியம் சைக்கோரா ஆகியோரும் லீக்கிலிருந்து நீக்கப்பட்டனர்.

1937 இல் பிலடெல்பியா மாநாட்டில் மிச்சேலின் உரையை வொல்ஹைம் வாசித்தார். பாசிசம் தலைதூக்கிய அவ்வேளையில் இத்துறையினர் இடதுசாரி நிலைப்பாட்டினை ஏற்கவேண்டுமென அவ்வுரை கோரிற்று. மறு ஆண்டில் இவர்களைச் சூழ்ந்து 'பியூச்சரியன்ஸ்' குழு உருவாயிற்று. 1939 யூலையில் நியூ யோர்க்கில் நடைபெற்ற முதலாவது உலக மாநாட்டின் வாயிலில் வொல்ஹைம், மிச்சேல், பிரெடெரிக் போல் உட்பட அறுவர் தடுக்கப்பட்டனர். அமைப்பாளர் மூவருள் ஒருவர் சைக்கோரா. நான்கு ஆண்டுகளுக்கு முன் வெளியேற்றப்பட்டவர் இப்போது வெளியேற்றுபவரானார்.

இந்நிகழ்வு பற்றி இரு தரப்பிலிருந்தும் நூல்கள் எழுந்தன. அமைப்பாளருள் ஒருவரான சாம் மொஸ்கோவிற்ஸின் 'தி இம்மோர்ட்டல் ஸ்டோர்ம்' 1954 இல் நூலுருப் பெற்றது; பியூச்சரியன் குழுவினரான டேமன் நைற்றின் 'த பியூச்சரியன்ஸ்' 1977 இல் வெளிவந்தது. முன்னையது கழகச் சச்சரவுகளை நுணுக்கமாகப் பதிவு செய்கின்றது. பின்னையது மனிதரையும் அவர்தம் உறவுகளையும் உயிர்ப்புடன் காட்டுகின்றது. இவற்றின் ஆவணப் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. எனினும் இரண்டுமே அரசியல் முரண்பாட்டை ஆளுமைகளின் மோதலாகச் சுருக்கும் இயல்பின. பொருளாதார மந்தத்தில் வளர்ந்த இளைஞர்க்கு எழுத்து ஒரு தொழிலாகவும் இருந்தது என்பதோ, சஞ்சிகை உடைமையாளருக்கும் அவர்க்குமிடையே நிலவிய உறவோ விளக்கத்தின் அடிப்படையாகவில்லை.

பியூச்சரியன் குழுவைப் புகழ்ந்து அமைவதும் போதாது. முற்போக்கு நோக்கினைக் கொண்டிருந்தும் அது தொடக்கத்தில் பெரிதும் வெள்ளை இன இளைஞர் கூட்டமாகவே இருந்தது. ஜூடித் மெரில் போன்றோர் 1940களிலேயே அதில் இணைந்தனர். துறையின் பொதுநிலையோ இதனினும் குறுகியது. கறுப்பினத்தவர் முதன்மைப் பாத்திரமாக அமைந்தமையால் தமது 'நோவா' நாவலை ஜோன் கம்பெல் 1967 இல் தொடராக வெளியிட மறுத்தாரென சாமுவேல் டிலேனி 1998 இல் எழுதினார். 1968 இல் போல் ஆசிரியராயிருந்த 'கலக்ஸி' சஞ்சிகையில் வியட்நாம் போரை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் தத்தம் கையொப்பங்களுடன் தனித்தனி விளம்பரங்களை வெளியிட்டனர். ஆதரித்தோருள் ரொபர்ட் ஹைன்லைனும் எதிர்த்தோருள் ஐசாக் அசிமோவும் அடங்குவர்.

எனவே ஒரே நூல்களை விரும்பிப் படிப்போர் ஒரே சமூகத்தவராகிவிடுவதில்லை. எதிர்காலம் பற்றிய கற்பனையும் நிகழ்காலப் பிளவுகளினின்றும் எவரையும் விடுவிப்பதில்லை. 'வாசகர்' என்னும் சொல்லை ஒற்றைப் பொருளிற் கையாளும் விமர்சனம், முற்போக்கு விமர்சனமாயினும், இவ்வுண்மையைத் தவறவிடும். ஏடு யாருடையது, வாயிலில் நின்றவர் யார், வரலாற்றை எழுதியவர் யார் என்னும் வினாக்களிலிருந்தே வாசகர் பற்றிய ஆய்வு தொடங்குதல் வேண்டும்.