நியூயார்க்கின் பரோல் சீர்திருத்தம்: பாதி வேலைதான் முடிந்திருக்கிறது

2021 செப்டம்பர் 17 அன்று நியூயார்க் மாநில ஆளுநர் கேத்தி ஹோக்கல் பரோல் முறையைத் திருத்தும் ‘லெஸ் இஸ் மோர்’ சட்டத்தில் கையெழுத்திட்டார். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கைதிகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்த ஆண்டு அது. பரோல் நிபந்தனையை மீறியதாக அங்கே அடைக்கப்பட்டிருந்த 191 பேரை உடனே விடுவிக்க வழி செய்தார்.

நமக்குப் பரோல் என்றால் சில நாள் விடுப்பு. நியூயார்க்கில் அது, தண்டனையின் மிச்சக் காலத்தை வெளியே கண்காணிப்பில் கழிப்பது. அதிகாரியைச் சந்திக்கத் தவறினாலோ, இரவு குறித்த நேரத்துக்குள் வீடு திரும்பாவிட்டாலோ அது நிபந்தனை மீறல். பழைய முறையில் புகார் எழுந்து வாரண்ட் வந்துவிட்டால் ஜாமீனே கிடையாது. இறுதி விசாரணைக்காக 105 நாள் வரை உள்ளே காத்திருக்க வேண்டும். அதற்குள் வேலை போய்விடும், வாடகை வீடும் போய்விடும். மீறலே நடக்கவில்லை என்று முடிவானாலும் அவற்றை யார் திருப்பித் தருவார்கள்?

புதிய சட்டம் இந்த அநியாயத்தை நேராகவே வெட்டியது. பிடிபட்டவரை அடைத்து வைப்பதா என்பதை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றம் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிறு மீறல்களுக்குச் சிறை இல்லை, அல்லது அதிகபட்சம் 30 நாள். ஒழுங்காகக் கழித்த ஒவ்வொரு 30 நாளுக்கும் கண்காணிப்பில் 30 நாள் குறையும். தலைமறைவானவருக்கு முதல் முறை 7 நாள்தான் என்பது மிகக் குறைவு என்று அரசு வழக்கறிஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். ஆபத்தானவர் என்று முன்பே தெரிந்தவர்கள் விஷயத்தில் அந்தக் கவலையை என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த ஒரு பிரிவைத் திருத்தலாம். அதைக் காட்டிச் சட்டத்தையே கைவிடச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

ஆனால் இந்தச் சட்டம் வெளியே வந்துவிட்டவர்களுக்கானது. யாரை வெளியே விடுவது என்று முடிவு செய்யும் பரோல் வாரியத்தை அது தொடவில்லை. உண்மையான நோய் அங்கேதான் இருக்கிறது. விடுதலை குற்றத்தின் தீவிரத்தைக் குறைத்துக் காட்டிவிடுமா என்று வாரியம் பார்க்கச் சட்டமே இடம் தருகிறது. மறுத்தால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 1975இல் ஒரு காவலரைக் கொன்ற ஜான் மெக்கென்சிக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை. வாரியம் அவரைப் பத்து முறை மறுத்தது. நீதிமன்ற உத்தரவை மதிக்கவில்லை என்று 2016இல் ஒரு நீதிபதி வாரியத்தையே கண்டித்தார். அப்படியும் மீண்டும் மறுப்புதான். அந்த ஆகஸ்டில், 70 வயதில், அவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தை நினைக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. 1971இல் இரண்டு காவலர்களைக் கொன்ற ஹெர்மன் பெல்லுக்கு 2018இல் பரோல் கிடைத்தபோது, ஒருவரின் மனைவி கடுமையாக எதிர்த்தார். மற்றவரின் மகன் விடுதலையை ஆதரித்தார். இரண்டு துயரமும் உண்மை. எந்தத் துயரத்தை வைத்து வாரியம் முடிவெடுப்பது? குற்றத்துக்கான தண்டனையை நீதிபதி அன்றே விதித்துவிட்டார். வாரியம் கேட்க வேண்டியது, இந்த மனிதரால் இன்று ஆபத்து உண்டா என்பதை மட்டுமே.

இதைத்தான் ‘ஃபேர் அண்ட் டைம்லி பரோல்’ மசோதா கேட்கிறது: கண்காணிப்பாலும் தடுக்க முடியாத ஆபத்து இன்று இருந்தாலொழிய விடுவிக்க வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் சட்டமன்றத்தில் தேங்கிக் கிடந்திருக்கிறது. 2021 சட்டத்துக்கு என் ஆதரவு முழுமையானது. ஆனால் இந்த மசோதா நிறைவேறாதவரை, பரோல் முறையைச் சீர்திருத்திவிட்டோம் என்று நியூயார்க் சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.