டிக்கோயா ஈரமும் ஹேமர் பெயின்டும்

டிக்கோயாவில் இரும்பைத் தின்பது உப்புக் காற்று அல்ல, ஈரம். கடல் வெகு தூரத்தில். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையகத்தின் மேற்குச் சரிவை விடுவதில்லை. மழை ஓய்ந்தாலும் பனிமூட்டம் ஓய்வதில்லை. உலோக அரிப்பைக் கணிக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 தரம், காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் மணித்தியாலங்களைத்தான் ‘ஈரநேரம்’ என்று எண்ணுகிறது. அப்படி எண்ணினால் இங்கே ஒரு கேட் வருடத்தின் பெரும்பகுதி நனைந்தே நிற்கிறது. மேடுபள்ளமான பெயின்ட் இந்த ஈரத்துக்கு ஈடுகொடுக்குமா என்பதுதான் கேள்வி.

சுத்தியலால் தட்டினாற்போல் தெரியும் ஹேமர் பெயின்டை எடுத்துக்கொள்வோம். அந்தக் கோலம் சுத்தியலால் வருவதல்ல. கலவையில் சேர்க்கும் சிறிதளவு சிலிக்கோன், பூச்சின் மேற்பரப்பு இழுவிசையை இடத்துக்கு இடம் மாற்றுகிறது. பெயின்ட் அங்கங்கே விலகிக் குழியாகிறது. அலுமினியத் துகள்கள் சுழன்று ஓரங்களில் தங்குகின்றன. வெல்டிங் முடிச்சு, கிரைண்டர் கீறல், பழைய கறள் விட்ட பள்ளம் எல்லாம் அந்தக் கோலத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. பார்வைக்கு நல்லதுதான். ஆனால் பாதுகாப்பைத் தீர்மானிப்பது பூச்சின் சராசரித் தடிப்பு அல்ல, மிக மெல்லிய இடம். ஹேமர் பெயின்டில் அந்த மெல்லிய இடம் ஒவ்வொரு குழியின் அடியிலும் இருக்கிறது. ஒரே கோட் அடித்துவிட்டு ‘நல்ல மொத்தமாக இருக்கிறது’ என்பவர் மேட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், பள்ளத்தை அல்ல.

தோட்டங்களில் காலங்காலமாக அடிக்கும் சில்வர் பெயின்டிலும் இதே அலுமினியம்தான். ஆனால் அதன் துகள்கள் மேலே மிதந்து, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படுக்கின்றன. நீர் உள்ளே போகச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். வெயிலையும் திருப்பி அனுப்பும். அழகில் ஹேமருக்குக் கிட்ட வராது. தகரத்தின் மேல் உழைப்பதில் அதுவே மேல்.

பழுது பார்க்கும்போது வித்தியாசம் இன்னும் கூடுகிறது. சில்வரில் ஓர் இடம் உரிந்தால் சுரண்டி, பிரைமர் வைத்து, அந்த இடத்தை மட்டும் பூசிவிடலாம். ஹேமரில் ஒட்டுப் போட்டால் ஒட்டு தனியே தெரியும். அதனால் ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள், கறள் அதற்குள் உள்ளே பரவுகிறது. சில தயாரிப்புகளில் இரண்டாவது கோட்டை சில மணித்தியாலங்களுக்குள் அடிக்க வேண்டும். தவறினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இடையில் அவசரப்பட்டால் கரைப்பான் அடிக்கோட்டைக் கிளப்பிச் சுருங்க வைத்துவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும் ஊரில் இது சின்னப் பிரச்சினை அல்ல.

‘கறள் மேலேயே அடிக்கலாம்’ என்று டின்னில் போட்டிருப்பதை நம்பியவர்களின் கேட்டை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம். கீழ்ச்சட்டத்தில், தண்ணீர் தங்கும் இடத்தில், பூச்சு தகடாகக் கிளம்பி நிற்கும். ஒரு துண்டைப் பெயர்த்துத் திருப்பினால் முன்பக்கம் பளபளப்பு மாறாமல் இருக்கும், பின்பக்கம் முழுக்கச் செங்கல்தூள். பெயின்ட் பழுதாகவில்லை, பிடித்துக்கொள்ள அதற்கு இரும்பு கிடைக்கவில்லை. டின்னிலேயே பொடி எழுத்தில் ‘தளர்ந்த கறளை அகற்றுக’ என்றும் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? பொக்ஸ் பார் கேட் என்றால் கதை இன்னும் மோசம். உள்ளே புகுந்த நீர் வெளியேற அடியில் துளை இல்லாவிட்டால் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே எந்தப் பெயின்ட் அடித்தாலும் சரி.

லயத்துக் கூரைக்கு ஹேமர் பெயின்டைச் சிபாரிசு செய்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. இராத்திரியில் தகரம் குளிர்ந்துபோகும். மூச்சும் சமையல் ஆவியும் உட்புறத்தில் துளித்துளியாகப் படியும், விறகுப் புகையின் புளிப்பும் அதோடு சேரும். கூரை பல இடங்களில் கீழிருந்தும், தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பிலும், ஆணித் துளையிலும்தான் ஓட்டையாகிறது. மேலே சொரசொரப்பாகப் பூசினால் பாசி பிடிக்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். புதுக் கல்வனைஸ் தகரத்தில் சாதாரண எனமலை நேரே அடிப்பதும் வீண்: அதன் எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாற, பூச்சு தோலாக உரியும். துத்தநாகத்துக்கான பிரைமர் வேண்டும். தகரம் விரலால் அழுத்தினாலே நெளிகிறதென்றால் பெயின்ட் பேச்சே வேண்டாம், தகரத்தை மாற்ற வேண்டும். அந்தச் செலவு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. குடியிருப்பவர் சம்பளத்தில் டின் வாங்கி அதை மூடி மறைப்பது நியாயமல்ல.

தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் வேண்டாம். குழிகளில் தேயிலைத் தூசி அடையும், கழுவினால் போகாது. தேயிலைச் சாறு இரும்பைத் தொட்டால் கருக்கும் என்பது ரோலரில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, மோட்டார் மூடி: இவற்றுக்கு ஹேமர் பெயின்ட் வாங்கலாம், அதுவும் மேல் கோட்டாக மட்டும். பாதுகாப்பு அடியில் இருக்க வேண்டும். கம்பி பிரஷால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னரால் எண்ணெய் போகத் துடைத்து, அன்றைக்கே கறள்தடுப்பு பிரைமர். விளிம்பிலும் வெல்டிங்கிலும் பெயின்ட் தானாக விலகி மெலிவதால் அங்கே முதலில் தனியாக ஒரு கோட். பிறகு ஹேமர் இரண்டு கோட். இதற்கு ஏற்ற மாதம் பெப்ரவரி. காலைப் பனி காய்ந்து, இரும்பைத் தொட்டால் கை குளிராத நேரத்தில், பத்து மணிக்குப் பிறகு தொடங்க வேண்டும். இரும்பின் வெப்பம் பனிபடுநிலைக்கு 3 பாகையாவது மேலே இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. மூன்று மணிக்குப் பிரஷைக் கழுவிவிட வேண்டும்.

கூலியில் பாதிக்கு மேல் தேய்ப்பதற்கே போகும். பாஸ் ஒருவர் ‘ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்’ என்றால், அவர் தேய்க்கப் போவதில்லை.