லேவியனின் கதையும் நம் அருளுரைகளும்

ஃபிலிஸ் டிரிபிள் அம்மையார் 1984-இல் வெளியிட்ட 'டெக்ஸ்ட்ஸ் ஆஃப் டெரர்' என்னும் நூல் ஆகார், தாமார், லேவியனின் மறுமனையாட்டி, யெப்தாவின் குமாரத்தி ஆகிய நால்வரைப் பற்றியது. அவற்றுள் நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகார ஆய்வே கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஊழியம் செய்வோர் ஊன்றிப் படிக்கத்தக்கது.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரை மாய்த்தபின், நம் அருளுரைகள் கல்வராயன் மலைச் சாராயத்தைக் கண்டித்தன. அது முறையே. ஆனால் மனைவி அடிபடுவதற்கும் சாராயமே முழுக் காரணம் என்று முடிப்பது தவறான வியாக்கியானம். குடித்தவன் தன் முதலாளியை அடிப்பதில்லை; கதவைச் சாத்திக்கொண்டு மனைவியையே அடிக்கிறான். ஆளைத் தெரிந்துகொள்ளும் அறிவு போதையிலும் எஞ்சியிருக்கிறது அன்றோ! கிபியாவிலும் அன்றிரவு விருந்து நடந்ததுண்டு. எனினும் அவளைப் பிடித்து வெளியே விட்டவன் தன் உயிரைக் கணக்கிட்டே அதைச் செய்தான். 20-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர்முன் சாட்சி சொல்லுகையில் அந்த ஒன்றை மட்டும் மறைத்தான்.

அவளோடு அன்பாய்ப் பேசவென்று புறப்பட்டவன், வாசலில் விழுந்துகிடந்தவளை எழுந்திருக்கச் சொல்லுமளவும் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசியதாக வேதம் கூறவில்லை என்பதை அம்மையார் எடுத்துக்காட்டுகிறார். அவள் இறந்திருந்தாள் என்று கிரேக்க செப்துவஜிந்து சொல்ல, எபிரெய மூலம் மௌனமாயிருப்பதையும் சுட்டுகிறார். கத்தியை எடுத்தபோது அவளுக்கு உயிர் இருந்ததோ என்ற கேள்வி நம்மை நடுங்கச் செய்கிறது. அவள் வீட்டைவிட்டுப் போனதற்கு எபிரெயம் சோரத்தைக் காரணமாக்க, செப்துவஜிந்தின் ஒரு பாடம் கோபத்தையே கூறுவதும் ஈண்டு நோக்கத்தக்கது. தாய்வீடு திரும்பிய பெண்ணை நம் சபைகள் முதலில் எந்தக் கண்ணால் பார்க்கின்றன?

ஓரிடத்தில் எனக்கு நிறைவில்லை. தகப்பன் மருமகனுக்கு நாட்கணக்கில் விருந்திடும் பகுதியில் அம்மையார் ஆண்கள் இருவரின் உறவையே பெரிதும் விளக்குகிறார். நமக்கோ அந்தத் தகப்பனே முக்கியமானவன். நான்கு மாதம் தன் வீட்டிலிருந்த மகளிடம், ஏன் வந்தாய் என்று அவன் கேட்டதாக எழுதப்படவில்லை. சமாதானம் பேசி, ஜெபித்து அனுப்பிவைக்கும் போதகர் அமர்ந்திருப்பது அவன் இருக்கையிலேயே.

1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்கீழ், கிறிஸ்தவ மனைவிக்குக் கணவனின் கொடுமை மட்டும் போதிய காரணமாகவில்லை, சோரமும் சேரவேண்டியிருந்தது. 2001-இல் அது திருத்தப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவள் அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையையும், உதவிக்குப் பாதுகாப்பு அலுவலரையும் தந்தது. மலையூர்ப் பெண்ணொருத்தி தனியே இறங்கிவந்து அவரைக் காண்பது எளிதன்று. அவள் விரும்பினால் போதகர் தம் மனைவியுடன் துணைசெல்லலாம். அதற்குமுன் கணவன் இல்லாதவிடத்தில் அவளைப் பேசவிட்டுக் கேட்கவேண்டும்.