விருந்தும் வினாவும்: கொலம்பியா மேடை குறித்து ஒரு மதிப்பீடு

சர்ச்சைக்குரிய அயல்நாட்டுத் தலைவர்களைப் பல்கலைக்கழகங்கள் தம் மேடைக்கு அழைக்கலாமா என்னும் வினா பழையது; எனினும் தீராதது. இதனை ஆராயப் புகுவோர் எவரும் ஒரு நிகழ்ச்சியைக் கடந்து செல்ல இயலாது. 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், ஐ.நா. பொதுச்சபைக்காக நியூயார்க் வந்திருந்த ஈரானின் அன்றைய அதிபர் மஹ்மூத் அஹ்மதிநெஜாத், அந்நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். அன்று அங்கு நிகழ்த்தப்பெற்ற உரைகளை வாதக்கலையின் அளவுகோல் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழைத்தவரிடமிருந்தே தொடங்குவோம். பல்கலைக்கழகத் தலைவர் லீ பொலிஞ்சர் பேச்சுரிமைச் சட்டத்தில் துறைபோகிய அறிஞர். வெறுக்கத்தக்க கருத்துக்கும் செவிகொடுப்பது கல்விக்கூடத்தின் கடமை என வாதிட்டு அவர் அழைப்பை நிலைநாட்டினார். ஆனால் விருந்தினரை அறிமுகம் செய்ய எழுந்தபோது, அற்பமும் கொடுமையும் நிறைந்த சர்வாதிகாரிக்குரிய அடையாளங்கள் அனைத்தும் அவரிடம் காணப்படுவதாக நேருக்கு நேர் கூறினார். ஈரானில் சிறைப்படுத்தப்பட்ட அறிஞர்கள், பஹாயிகள் மீதான ஒடுக்குமுறை, யூதப் படுகொலை மறுப்பு, அணுத்திட்டம் எனக் குற்றங்களை வரிசையாக அடுக்கினார். இறுதியில், இவற்றுக்கு விடையளிக்கும் அறிவுத்துணிவு விருந்தினருக்கு இருக்குமா என்பது ஐயமே என்றும் சொல்லி முடித்தார்.

அவர் எழுப்பிய வினாக்களுள் பல நியாயமானவை என்பதை நாம் மறுக்கவில்லை. குறை, அவை எழுப்பப்பட்ட முறையில் உள்ளது. நம் மத்ரஸாக்களின் நிஸாமிய்யாப் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற முனாழராக் கலையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஷம்சுத்தீன் ஸமர்கந்தி வகுத்தளித்த இக்கலையில், கூற்றை முன்வைப்பவர் ஒருவர், வினவுபவர் மற்றொருவர். வினவுபவருக்கு மூன்று வழிகளே உண்டு. ஆதாரம் கேட்கலாம், காட்டிய ஆதாரத்தின் பிழையைச் சுட்டலாம், எதிர் ஆதாரம் நிறுவலாம். இம்மூன்றனுள் வசை இல்லை. எதிராளியை இழிவாகக் கருதுவதும், வாதத்தினிடையே நகைப்பதும், குரலை உயர்த்துவதும் அங்கு விலக்கப்பட்டவை. இவ்விலக்கு வெறும் நாகரிகம் கருதியதன்று. எதிராளியை இழிவாகக் கருதுபவர் தம் வாதத்தைச் செம்மைப்படுத்தமாட்டார் என்பதே அதன் காரணம்.

கூற்று முன்வைக்கப்படும் முன்பே தீர்ப்புக் கூறப்பட்டதன் விளைவு யாது? விருந்தினருக்கு விடை சொல்லாதிருக்க ஒரு வாயில் திறந்தது. எங்கள் நாட்டில் விருந்தினரை அழைத்தால் மதிப்போம், கேட்போரின் தீர்ப்பை அவர்களிடமே விட்டுவிடுவோம் என்று அவர் சொன்னபோது அரங்கின் ஒரு பகுதி கைதட்டியது. சாட்டப்பட்டவர் அக்கணமே பாதிக்கப்பட்டவராக மாறினார். பின்னர் ஈரானியப் பல்கலைக்கழகத் தலைவர்கள் எழுவர் பொலிஞ்சருக்குப் பத்து வினாக்கள் அடங்கிய மடலொன்றை விடுத்தனர். விவாதத்தின் பொருள் ஈரானின் சிறைகளிலிருந்து அமெரிக்காவின் விருந்தோம்பலுக்கு மாறிற்று.

ஆயின் விருந்தினரின் பதில்கள் இக்கலையின் அளவுகோலில் தேறுமா? தேறா. அறிவு இறைவன் உள்ளங்களில் பாய்ச்சும் ஒளி என விரிவாகப் பேசிய அவர், வரலாற்றறிவு குறுக்கிட்ட இடத்தில் அவ்வொளியைக் கைவிட்டார். யூதப் படுகொலை பற்றி வினவியபோது, மேலும் ஆராயத் தடை ஏன் என எதிர்வினா எழுப்பினார். இஸ்ரேலின் அழிவை நாடுகிறீரா, ஆம் அல்லது இல்லை எனச் சொல்லும் என்று நெறியாளர் ஜான் கோட்ஸ்வொர்த் வற்புறுத்தியபோது, தாம் விரும்பிய விடையையே நீங்கள் கேட்கிறீர்கள் என நழுவினார். தம் நாட்டில் ஓரினச் சேர்க்கையாளர் அமெரிக்காவில் இருப்பதுபோல் இல்லை என்றபோது அரங்கம் நகைத்தது. கேட்டதை விட்டு வேறொன்றுக்குத் தாவுதல் முனாழராவில் தோல்வியின் அடையாளம்.

இதில் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. ஐரோப்பாவில் நிகழ்ந்த கொடுமைக்கு ஃபலஸ்தீன மக்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். வலுவான வினா அது. படுகொலையை முழுமையாக ஒப்புக்கொண்ட நிலையிலேயே அதன் வலிமை நிறைவு பெறும். ஐயத்தைக் கலந்ததால் அவ்வினாவை அவரே நீர்த்துப்போகச் செய்தார். நிறுவப்பட்ட வரலாற்றை மறுப்பவர் சொல்லும் நீதியை உலகம் செவிமடுக்காது. இந்த இழப்பு அவருடையதன்று, ஃபலஸ்தீனருடையது.

எனவே அழைத்திருக்கவே கூடாது என்பார் உளர். அவர்கள் 1933ஆம் ஆண்டைச் சான்றாகக் காட்டுவர். அவ்வாண்டு டிசம்பரில் நாஜி ஜெர்மனியின் தூதர் ஹான்ஸ் லூதர் இதே கொலம்பியாவில் பேசினார். அன்றைய தலைவர் நிக்கோலஸ் மரே பட்லர் கல்விச் சுதந்திரத்தின் பெயரால் அதற்கு அரண் செய்தார். ஆனால் அவ்வரலாற்றின் மறுபாதியையும் நோக்க வேண்டும். 1936இல் நாஜிகளின் பிடியிலிருந்த ஹைடல்பர்க் பல்கலைக்கழக விழாவுக்குப் பேராளரை அனுப்பக்கூடாதெனப் பட்லரின் இல்லத்தின் முன் கிளர்ச்சி செய்த மாணவர் ராபர்ட் பர்க் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். தூதருக்குக் கிட்டிய சுதந்திரம் மாணவருக்குக் கிட்டவில்லை.

உண்மையான உரைகல் இங்குதான் உள்ளது என நாம் கருதுகிறோம். 2006 டிசம்பரில் தெஹ்ரானின் அமீர் கபீர் பல்கலைக்கழகத்தில் அஹ்மதிநெஜாத் பேசியபோது மாணவர்கள் அவர் படத்தைக் கொளுத்தி எதிர்ப்புக் காட்டினர். கொலம்பிய நிகழ்ச்சிக்குப் பின் 2007 அக்டோபரில் அவர் தெஹ்ரான் பல்கலைக்கழகம் சென்றபோது, கொலம்பியாவுக்கு மட்டும்தானா, எங்களுக்கும் வினாக்கள் உண்டு என்னும் பொருளில் மாணவர்கள் முழங்கினர். நியூயார்க்கில் அவரை வினவியோர் அன்றிரவு அச்சமின்றி உறங்கினர். தெஹ்ரானில் வினவியோர்க்கு அவ்வுறுதி இல்லை. ஆனால் அவரை வினவும் முதல் உரிமை அவர்களுடையதே.

கொலம்பியாவும் இத்தேர்விலிருந்து விலக்குப் பெற்றதன்று. 2024 ஏப்ரலில் காஸா போரை எதிர்த்து வளாகத்தில் கூடாரமடித்த தன் மாணவர்கள் மீது அப்பல்கலைக்கழகம் காவல்துறையை வரவழைத்தது. ஏப்ரல் 18 அன்று மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். கூடாரமடித்தல் விதிமீறல் என்பது நிர்வாகத்தின் வாதம். அதற்கும் ஓர் இடமுண்டு. எனினும் அயல்நாட்டு அதிபரைச் சகித்த வளாகம் தன் மாணவரைச் சகிக்கத் திணறியது என்பதை வரலாறு பதிவு செய்துகொண்டது.

ஆகவே நம் முடிவு இது. பல்கலைக்கழகம் சர்ச்சைக்குரிய தலைவரை அழைக்கலாம். ஆயின் பட்டமும் பாராட்டும் அளித்தல் வேறு, வினவுவதற்கென அழைத்தல் வேறு என்பதைத் தெளிவுபடுத்தல் வேண்டும். விருந்தினர் தம் கூற்றை முடிக்கும்வரை தீர்ப்பைத் தள்ளிவைத்தல் வேண்டும். நழுவும் விடையை மீண்டும் மீண்டும் வினவி மறிக்க நேரம் ஒதுக்குதல் வேண்டும். அனைத்திற்கும் மேலாக, அதே வினாக்களைத் தன் நிர்வாகத்திடமும் தன் அரசிடமும் எழுப்பும் மாணவருக்கு அதே பாதுகாப்பை அளித்தல் வேண்டும். இறுதி நிபந்தனையை நிறைவேற்றாத பல்கலைக்கழகம் எவரை அழைத்தாலும், அது மேடையே அன்றிக் கல்விக்கூடம் ஆகாது.